ஒரே பானை: மதுரையில் ஜில்லென்று இருந்த தண்ணீர் சென்னையில் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது?

வைகைக்கரையான் | பதிவு 1

மதுரையிலிருந்து திருவான்மியூருக்குக் குடிவந்தபோது மானாமதுரைப் பானை ஒன்றையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தோம். ஊரில் மே மாதத்தில் அந்தப் பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரியும். இங்கே அதே பானை, அதே பிரிமணை, ஆனால் தண்ணீர் குழாயில் வந்த சூட்டிலேயே நிற்கிறது.

பள்ளிக்கூடத்து விடை எனக்குத் தெரியும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிகிறது, ஆவியாகிறது, ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இந்த விடை இரண்டு ஊருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது? சமையலறைத் தெர்மாமீட்டரில் அளந்தது இது: மதுரையில் அறை 37 டிகிரி, பானைக்குள் 26. இங்கே அறை 33, பானைக்குள் 30. வெயில் குறைந்த ஊரில் பானைத் தண்ணீர் அதிகச் சூடாக இருக்கிறது. இதற்கு விளக்கம் வேண்டும், முடிந்தால் எண்ணோடு.

முருங்கைப்பூ | பதிவு 2

கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், அதனால் ஆவியாதல் குறைவு. ஒன்பதாம் வகுப்பில் நான் நடத்துவது இதுதான். ஆனால் எவ்வளவு ஈரப்பதத்துக்கு எத்தனை டிகிரி குறையும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த வகுப்பு இன்னும் நன்றாக இருந்திருக்கும். யாராவது கணக்கைப் போடுங்கள், நானும் எடுத்துக்கொள்கிறேன்.

தென்றல்77 | பதிவு 3

இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளிச்சூடு உள்ளே போகாததால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. மண் வீட்டுக்குள் குளுமையாக இருப்பதற்கும் இதே காரணம்தான்.

சூளைக்காரர் மகள் | பதிவு 4

தென்றல், வெப்பத்தைக் கடத்தாத பாத்திரம் உள்ளே இருப்பதை அப்படியே காப்பாற்றும். 33 டிகிரித் தண்ணீரை பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் சாயங்காலமும் 33 டிகிரிதான் இருக்கும், 26க்கு இறங்காது. பானையில் இறங்குகிறதென்றால் வெப்பம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் பானை செய்கிறவர்கள், அதனால் ஒன்று சொல்ல முடியும். தண்ணீர்ப் பானைக்கு மண் பிசையும்போது மணல் சேர்ப்போம். சுடும்போது மண்ணில் கிடக்கும் தூசு தும்பெல்லாம் எரிந்துபோய் அந்த இடமும் துளையாகும். நன்றாகச் சுட்ட பானையில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கம் கையை வைத்தால் ஈரம் ஒட்டும். இப்போது கடைகளில் வெளியே பெயின்ட் அடித்துப் பூ வரைந்த பானைகள் விற்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் பெயின்ட் துளையை அடைத்துவிடும், தண்ணீர் குளிராது. மண் அதே மண்தான், கடத்தும் தன்மையும் அதேதான். மாறியது கசிவு மட்டும்.

பழைய பானை குளிராமல் போவதற்கும் காரணம் இதுவே. உப்புத்தண்ணீர் ஊற்றிப் புழங்கினால் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துத் துளைகளை மூடும். வைகை அண்ணே, உங்கள் பானையில் அப்படிப் பூத்திருக்கிறதா? தேங்காய் நாரால் வெளிப்பக்கம் தேய்த்துக் காயவைத்துப் பாருங்கள். சோப்பு வேண்டாம், மண் அதையும் குடித்துவிடும்.

வைகைக்கரையான் | பதிவு 5

பூக்கவில்லை அக்கா, வெளிப்பக்கம் நன்றாகவே கசிகிறது. இங்கே கீழே சொட்டு விழும் அளவுக்கு ஈரம். மதுரையில் பானையின் மேல் அவ்வளவு ஈரம் நின்றதில்லை.

கூலிங்டவர் குமாரசாமி | பதிவு 6

அந்தச் சொட்டுதான் விடை. கசிகிற தண்ணீர் ஆவியாகப் போக இடமில்லாமல் வழிகிறது. மதுரையில் கசிந்த வேகத்திலேயே காற்று அதை எடுத்துக்கொண்டது.

நான் ஏசி பிளான்ட்டில் வேலை பார்க்கிறேன். சூடான தண்ணீரை ஆவியாதலால் குளிர்விக்கும் கூலிங் டவரும் பெரிய மண்பானைதான். எங்கள் தொழிலில் வெயில் எத்தனை டிகிரி என்று முதலில் கேட்கமாட்டோம், வெட் பல்ப் எவ்வளவு என்றுதான் கேட்போம். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டுகிற அளவு அது. ஆவியாதலால் தண்ணீரை அதற்குக் கீழே இறக்கவே முடியாது. டவர் எவ்வளவு நல்ல டவராக இருந்தாலும் அதற்கு இரண்டு மூன்று டிகிரி மேலேயே நின்றுவிடும்.

அந்தந்த ஊர்க் காற்றின் வெட் பல்ப் எவ்வளவு என்று பாருங்கள், உங்கள் 26ம் 30ம் தானாக வந்து நிற்கும்.

கணக்குப்பிள்ளை | பதிவு 7

போட்டுப் பார்த்தேன். கோடையில் இந்த ஊர்களில் சாதாரணமாக வரக்கூடிய இரண்டு நிலைமைகளை எடுத்துக்கொண்டேன்.

உள்நாடு: வெப்பம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். ஈரக்குமிழ் வெப்பநிலை (குமாரசாமி சார் சொன்ன வெட் பல்ப்) சுமார் 24.

கடற்கரை: வெப்பம் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 29.

ஆக மதுரைப் பானைக்கு இறங்குவதற்கு 14 டிகிரி பள்ளம் இருக்கிறது, சென்னைப் பானைக்கு 5 டிகிரிதான். வைகை அளந்த எண்கள் இரண்டும் இந்த எல்லைகளுக்கு ஓரிரு டிகிரி மேலே நிற்கின்றன, குமாரசாமி சார் டவருக்குச் சொன்ன மாதிரியே.

இந்த எல்லை எப்படி வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பானைத் தண்ணீர் குளிரக் குளிர இரண்டு காரியம் நடக்கிறது. சுற்றியுள்ள சூடான காற்றிலிருந்து வெப்பம் உள்ளே வருவது கூடுகிறது. அதே சமயம் குளிர்ந்த நீரின் ஆவியழுத்தம் குறைவதால் ஆவியாதல் மந்தமாகிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, இரண்டும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும். சென்னைக் காற்றின் வெப்பம் 4 டிகிரி குறைவு, ஆனால் அதில் ஏற்கெனவே உள்ள நீராவியின் அழுத்தம் சுமார் 3.7 கிலோபாஸ்கல். மதுரைக் காற்றில் 2 கிலோபாஸ்கல். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் சமநிலை மேலேயே வந்துவிடுகிறது.

டீச்சருக்கு வகுப்பில் உதவும் இன்னொரு கணக்கு. 10 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிர்விக்க 420 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிலோ நீர் அறை வெப்பத்தில் ஆவியாக ஏறக்குறைய 2,430 கிலோஜூல் எடுக்கும். அப்படியானால் வெறும் 175 மில்லி ஆவியானால் போதும், ஒரு டம்ளர் அளவு. குளிர்ந்த பிறகு அதை அப்படியே நிறுத்தி வைப்பதற்குத்தான் நாள் முழுக்கத் தண்ணீர் செலவாகிக்கொண்டே இருக்கும்.

முருங்கைப்பூ | பதிவு 8

அருமை. திங்கட்கிழமை இதைத்தான் நடத்தப்போகிறேன். ஒரு சந்தேகம்: பானைக்கு நேரே ஃபேன் போட்டால்? பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

கணக்குப்பிள்ளை | பதிவு 9

சீக்கிரம் குளிரும், ஆனால் எல்லை இறங்காது. ஃபேன் காற்று ஆவியை வேகமாக வாரிச் செல்கிறது, அதே வேகத்தில் அறையின் வெப்பத்தையும் பானைமேல் கொண்டுவந்து கொட்டுகிறது. இரண்டு ஓட்டமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடுவதால் சமநிலை வெப்பம் அதே இடத்தில்தான் நிற்கும். காற்றே இல்லாத மூலையில் இருந்த பானை என்றால் ஃபேன் போட்டதும் ஒரு டிகிரி கூடுதலாக இறங்கலாம், காரணம் அங்கே பானையைச் சுற்றி ஈரக்காற்று தேங்கி நின்றிருக்கும், சுவரின் வெப்பக் கதிர்வீச்சும் பெரிய பங்கு எடுத்திருக்கும்.

கூலிங்டவர் குமாரசாமி | பதிவு 10

பானையோடு நிறுத்தவேண்டாம், மனுஷ உடம்பும் இதே கணக்குத்தான். நம் தோல் கிட்டத்தட்ட 35 டிகிரி. காற்றின் ஈரக்குமிழ் வெப்பம் 35ஐத் தொட்டால் எவ்வளவு வியர்த்தாலும், நிழலில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தாலும் உடம்புச் சூடு வெளியேறாது. இந்த 35 என்ற எல்லையை 2010ல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இருவர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். 2022ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, ஈரமான காற்றில் ஈரக்குமிழ் வெப்பம் 31 டிகிரி வாக்கிலேயே உடம்பு தடுமாற ஆரம்பித்துவிட்டது.

கணக்குப்பிள்ளை போட்ட சென்னை எண் 29. மதுரைக்காரர் 38 டிகிரி என்று சொன்னால் எல்லாரும் ஐயோ என்கிறார்கள். சென்னையில் 34 என்றால் பரவாயில்லை என்கிறார்கள். கட்டட வேலை செய்கிறவர், டெலிவரிக்கு ஓடுகிற பையன், இவர்களுக்கு இந்த 34 எவ்வளவு கொடியது என்று டிவியில் சொல்லும் அந்த ஒற்றை எண் காட்டாது. செய்தியில் வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நான் கேட்காத ஆளில்லை.

யாழ்வாடை | பதிவு 11

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கமும் கடல்காத்துத்தான். பானைத் தண்ணி பகலில பெரிசாக் குளிராது. ஆனால் அம்மம்மா இரவில பானையை முத்தத்தில, வானம் தெரியிற இடத்தில வைப்பா. விடியப் பாத்தால் வீட்டுக்குள்ள வச்ச பானையை விடக் குளிரும். இரவில வெளிக்காத்துக் குளிர் எண்டு சொல்லலாம். ஆனால் தாழ்வாரத்தில கூரைக்குக் கீழ வச்சதும் அவ்வளவு குளிராது, அங்கயும் அதே வெளிக்காத்துத்தானே? இது ஏன் எண்டு ஆராவது சொல்லுங்கோ.

அரைநிலா | பதிவு 12

யாழ்வாடை, உங்கள் அம்மம்மா செய்ததைப் பெரிய அளவில் செய்து ஐஸ் கட்டியே எடுத்திருக்கிறார்கள், அதுவும் வட இந்தியச் சமவெளியில், ஃபிரிட்ஜ் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னால்.

ராபர்ட் பார்க்கர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி அலகாபாத்தில் பார்த்ததை எழுதி, அது 1775ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. திறந்தவெளியில் இரண்டடி ஆழத்துக்கு அகலமான குழிகள் வெட்டுவார்கள். அதில் காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ ஓர் அடி கனம் வரை பரப்புவார்கள். அதன்மேல் ஆழமில்லாத, பூச்சில்லாத மண் தட்டுகளை வரிசையாக அடுக்கி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அந்தியில் ஊற்றுவார்கள். விடியுமுன் ஆட்கள் வந்து தட்டுகளில் உறைந்திருக்கும் பனிக்கட்டியைத் திரட்டி எடுப்பார்கள். காற்றின் வெப்பம் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருந்த இரவுகளிலும் ஐஸ் கிடைத்தது.

தென்றல்77 | பதிவு 13

அதுவும் ஆவியாதல்தானே? பூச்சில்லாத மண் தட்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குளிர்காலத்து வறண்ட காற்றில் ஈரக்குமிழ் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். கணக்குப்பிள்ளை சொன்ன விதிப்படியே உறைந்துவிடும்.

அரைநிலா | பதிவு 14

நல்ல கேள்வி. அந்தக் காலத்திலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். வறண்ட இரவில் ஆவியாதலுக்குப் பங்கு இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பார்க்கரின் குறிப்பிலேயே ஒரு தடயம் இருக்கிறது: அசைவற்ற, மேகமில்லாத இரவில்தான் நல்ல ஐஸ். காற்று வீசினால் கெட்டுவிடும், மேகம் மூடினாலும் கெட்டுவிடும்.

ஆவியாதல்தான் முக்கியக் காரணம் என்றால் காற்று வீசுவது உதவியாக அல்லவா இருக்கவேண்டும்? மேகம் மூடினால் அதற்கென்ன? வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் பனித்துளி பற்றி 1814ல் எழுதிய கட்டுரையில் இந்தப் புள்ளியைப் பிடித்தார். தண்ணீரின் மேற்பரப்பு அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வானத்தை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. (அகச்சிவப்பு என்பது இன்றைய பெயர். அவர் பொதுவாக வெப்பக் கதிர்வீச்சு என்றே எழுதினார்.) தெளிந்த, வறண்ட வானம் திருப்பி அனுப்புவது குறைவு. மேகம் வந்தால் அது கீழ்நோக்கிக் கதிரை வீசி இழப்பை ஈடுகட்டிவிடும். காற்று வீசினால் சூடான காற்றைத் தண்ணீர்மேல் கொண்டுவந்து சேர்க்கும். கீழே தட்டை பரப்புவது பூமியின் சூடு மேலேறாமல் இருக்க. குழி வெட்டியதும் காற்றை மறைக்கத்தான்.

யாழ்வாடையின் தாழ்வாரத்துக்கும் இதே பதில். கூரை வானத்தை மறைக்கிறது. கூரை வானத்தைவிடச் சூடான பொருள், அது பானையை நோக்கிக் கதிர் வீசுகிறது. முற்றத்துப் பானைக்குமேல் குளிர்ந்த வானம்.

கணக்குப்பிள்ளை | பதிவு 15

அதனால் பதிவு 6ல் சொன்ன எல்லைக்கு ஒரு திருத்தம் சேர்க்கலாம்: ஆவியாதலால் மட்டும் ஈரக்குமிழ் வெப்பத்துக்குக் கீழே போகமுடியாது, வானத்துக்குக் கதிர்வீச்சும் சேர்ந்தால் போகலாம். 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை உள்ள அலைநீளத்தில் வெப்பக் கதிர் விண்வெளிக்குப் போக வளிமண்டலம் ஏறக்குறைய ஜன்னல் திறந்த மாதிரி. நீராவி கூடினால் அந்த ஜன்னலும் மங்கும்.

2014ல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமன் குழுவினர் சூரிய ஒளியில் 97 சதவீதத்தைத் திருப்பி அனுப்பி, இந்த ஜன்னல் வழியாக வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய படலம் ஒன்றைச் செய்தார்கள். பட்டப்பகல் வெயிலில் அது சுற்றுக்காற்றைவிட 5 டிகிரி வரை குளிர்ந்தது. மின்சாரம் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

வைகைக்கரையான் | பதிவு 16

அப்படியானால் சென்னை மொட்டைமாடியில் ஐஸ் எடுக்க வழியில்லை. மார்கழியிலும் இரவு வெப்பம் 20ஐ ஒட்டித்தான் நிற்கிறது, மேலே முழுக்க நீராவி. கடற்கரைச் சாலையில் ஐஸ்ஹவுஸ் எதற்காகக் கட்டினார்கள் என்பது இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது. ஃபிரெடரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து 1833ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார், பிறகு மதராஸுக்கும் வந்தது. 1842ல் கட்டிய அந்தக் கிடங்குதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். மாசசூசெட்ஸ் ஏரியில் வெட்டிய கட்டி பாதி உலகத்தைச் சுற்றிவந்து மெரினாவில் இறங்கியிருக்கிறது.

அரைநிலா, ஒன்று உறுத்துகிறது. தண்ணீரை ஏன் காய்ச்சினார்கள்? விறகுச் செலவு வேறு.

அரைநிலா | பதிவு 17

அதே கேள்வியைத்தான் ஜோசப் பிளாக் கேட்டார், உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்த அதே பிளாக். அதே 1775ல் அதே இதழில் அவர் கட்டுரையும் வந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையும் காய்ச்சாததையும் குளிரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். காய்ச்சியது உறைநிலையைத் தொட்டதும் உறையத் தொடங்கியது. காய்ச்சாதது உறைநிலைக்குக் கீழே போன பிறகும் திரவமாகவே இருந்தது, கலக்கிவிட்டதும் உறைந்தது. குளிரும் வேகத்தில் வித்தியாசமில்லை. உறையத் தொடங்கும் தருணத்தில்தான் வித்தியாசம்.

முருங்கைப்பூ | பதிவு 18

இது எம்பெம்பா விளைவு இல்லையா? 1963ல் தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன் ஐஸ்கிரீமுக்குக் காய்ச்சிய பாலை ஆறவைக்காமல் சூடாகவே ஃபிரீசரில் வைக்க, கூடப் படித்த இன்னொருவன் காய்ச்சாமல் வைத்த பாலைவிட அது முன்னால் உறைந்தது. ஆசிரியர் நம்பவில்லை, கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். பிறகு டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் பள்ளிக்கு வந்தபோது எல்லார் முன்னாலும் மறுபடி கேட்டான். அவர் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்த்தார். இருவர் பெயரிலும் 1969ல் கட்டுரை வந்தது. நான் ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது.

கூலிங்டவர் குமாரசாமி | பதிவு 19

சூடு கூடினால் வேலை மெதுவாகும் என்பதற்குத் தோசைக்கல்லே சாட்சி. மிதமான சூட்டில் தெளித்த தண்ணீர் சுர்ரென்று போய்விடும். கல் காய்ந்து சிவக்கும் அளவுக்குப் போனால் அதே துளி முத்தாக உருண்டு ஓடிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் வற்றாது.

கணக்குப்பிள்ளை | பதிவு 20

ஆமாம், அதை 1756ல் லைடன்ஃப்ராஸ்ட் விவரித்தார். துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவிப் படலம் ஒன்று உருவாகித் துளியைத் தூக்கிவிடுகிறது, ஆவி வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தண்ணீருக்கு 200 டிகிரியை ஒட்டி இது தொடங்கும், கல்லின் வழவழப்பைப் பொறுத்து மாறும். இதில் சர்ச்சையே இல்லை.

எம்பெம்பா விஷயம் அப்படித் தீர்ந்ததல்ல. 2016ல் பர்ரிட்ஜ், லிண்டன் என்ற இருவர் பழைய சோதனைகளையும் தங்கள் சோதனையையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். தண்ணீர் பூஜ்யம் டிகிரியை எட்டும் நேரத்தை அளந்தால் சூடானது முந்தியதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. தெர்மாமீட்டர் வைத்த உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே முடிவு தலைகீழாகத் தோன்றலாம் என்றும் காட்டினார்கள். பிளாக் சோதனையும் இதோடு மோதவில்லை என்பதைக் கவனியுங்கள்: அவர் பார்த்த வித்தியாசம் குளிர்வதில் இல்லை, உறையத் தொடங்குவதில்.

முருங்கைப்பூ | பதிவு 21

அந்தப் பையன் பார்த்தது பொய்யா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் ஃபிரீசரைத் திறந்து கண்ணால் பார்த்திருக்கிறான்.

கணக்குப்பிள்ளை | பதிவு 22

பொய் இல்லை டீச்சர். ஃபிரீசரில் அப்படி நடக்கச் சாத்தியமான வழிகள் பல உண்டு. சூடான பாத்திரம் அடியில் இருக்கும் உறைபனியை உருக்கித் தட்டோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும், ஆறியது பனிமேல் உட்கார்ந்து இடைவெளியோடு குளிரும். சூடானதிலிருந்து கொஞ்சம் ஆவியாகி அளவு குறையும். ஒன்று அதிகுளிர் நிலைக்குப் போய், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியும், உறையாமல் நிற்கும், மற்றது உடனே உறையும். எது நடந்தது என்று பிரித்துப் பார்க்காமல் ‘சூடான நீர் சீக்கிரம் உறையும்’ என்று விதியாக எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

சூளைக்காரர் மகள் | பதிவு 23

டீச்சர், பிள்ளைகளை வைத்தே செய்துவிடுங்களேன். நான் சின்ன மண் தட்டு தருகிறேன், பெயின்ட் அடிக்காதது. ஆனால் ஃபிரீசருக்கு ஸ்டீல் டம்ளர் நல்லது, மண் தட்டு கசிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும்.

முருங்கைப்பூ | பதிவு 24

செய்கிறேன். எதை எப்படி அளக்கவேண்டும், கணக்குப்பிள்ளை சார்?

கணக்குப்பிள்ளை | பதிவு 25

ஒரே அளவு ஸ்டீல் டம்ளர்கள். ஒரே குடத்துத் தண்ணீர். எடை போட்டு ஊற்றுங்கள், முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள், ஆவியானது தெரிந்துவிடும். மூன்று வகை வேண்டும்: சூடானது, காய்ச்சி ஆறவைத்தது, காய்ச்சாதது. நடுவில் இருப்பதை விட்டுவிட்டால் காய்ச்சியதால் வந்த மாற்றமா, சூட்டால் வந்த மாற்றமா என்று பிரிக்க முடியாது. பிளாக் செய்தது இரண்டாவதும் மூன்றாவதும், எம்பெம்பா செய்தது முதலாவதும் மூன்றாவதும்.

அடியில் தெர்மாகோல் துண்டு வையுங்கள், உறைபனி உருகும் விஷயம் நீங்கிவிடும். பிறகு தெர்மாகோல் இல்லாமல் ஒருமுறை. நேரத்தை இரண்டு இடத்தில் குறியுங்கள்: பூஜ்யத்தைத் தொட்டது எப்போது, முதல் ஐஸ் தெரிந்தது எப்போது. டம்ளர்களின் இடத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள், ஃபிரீசரின் எல்லா மூலையும் ஒரே குளிர் அல்ல. தெர்மாமீட்டரைக் குச்சியில் கட்டி எல்லா டம்ளரிலும் ஒரே ஆழத்தில் நிறுத்துங்கள்.

யாழ்வாடை | பதிவு 26

நானும் இஞ்ச செய்து பாக்கிறன், கிணத்துத் தண்ணியில. எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட, காய்ச்சினால் அடியில படியும். அது உறையிறதை மாத்துமோ எண்டும் பாக்கலாம். டீச்சர், உங்கட அளவுகளை இஞ்சயே போடுங்கோ, பக்கத்தில வச்சுப் பாப்பம்.